நாலு மில்

மீன் பிடிக்கக் கூப்பர் ஆற்று மடுவுக்கு வந்து கூடாரம் போட்ட நாளிலிருந்து என் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. இரண்டு வேளையும் ஊசி போட்டுக்கொண்டேன். அளவாகத்தான் சாப்பிட்டேன். அப்படியும் விரலில் குத்திப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட அதிகம். நான் திருட்டுத்தனமாக தணலில் சுட்ட டேம்பர் ரொட்டியில் கோல்டன் சிரப் பாகை ஊற்றித் தின்கிறேன் என்று என் புருஷன் மெர்வ் முடிவு கட்டிவிட்டான்.

"உண்மையைச் சொல்லு க்ளென். நான் குறட்டை விடும்போது அந்த டப்பாவைத் திறந்தியா இல்லையா?"

"திறந்தேன். கரண்டி தேடச் சோம்பலா இருந்துச்சு, அப்படியே வாயில கவுத்துக்கிட்டேன். போதுமா?"

"விளையாடாதே. பத்தைத் தாண்டக் கூடாதது பதினெட்டு காட்டுது. எங்கேயிருந்து வருது? காத்துலயிருந்தா?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சிரப் டப்பாவை எடுத்து அவன் மடியில் தூக்கிப் போட்டேன். மட்டத்தை அளந்து கோடு போட்டு வைத்துக்கொள் என்றேன். அவன் உண்மையிலேயே பென்சிலை எடுத்துக் கோடு போட்டான். அப்படிப்பட்டவன் மெர்வ்.

இந்த மனிதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் டுவூம்பாவில் வீடுகளுக்கு வயர் போட்டே தலை நரைத்தவன். எங்கள் பக்கத்தில் மின்வேலைக்காரனை ஸ்பார்க்கி என்போம். விளக்கு எரியவில்லை, மீன் மாட்டவில்லை, அரசாங்கம் சரியில்லை, எந்தப் பேச்சானாலும் யாராவது மறுத்துப் பேசினால் ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவான். "இங்க யாரு ஸ்பார்க்கி?" அத்தோடு பேச்சு முடிந்தது.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, இனி ஊர் சுற்றுவது நடக்காது, இன்சுலினை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் எங்கே அலைவது என்று உட்கார்ந்துவிட்டேன். மெர்வ் ஒரு வாரம் கார் நிறுத்துமிடத்திலேயே கிடந்தான். வண்டியின் முன்பக்கம் இரண்டாவதாக ஒரு பேட்டரி வைத்தான். அங்கிருந்து பின்பெட்டி வரைக்கும் வயர் இழுத்து, அதன் முனையில் ஒரு சின்னக் குளிர்பெட்டியைப் பொருத்தினான். அதற்கு மேல் தன் கையெழுத்தில் "க்ளெனின் பெட்டி" என்று ஒட்டியும் வைத்தான். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் கெரின் வேனிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் எடுப்பவள். அவள் வேனுக்கும் அதே கையோடு, அதே கடையில் அதே சுருளிலிருந்து வெட்டி வாங்கிய வயரைப் போட்டுக் கொடுத்தான்.

கெரின் போன மாதம் தந்தையர் தினத்துக்கு வந்திருந்தாள்; எங்கள் பக்கம் அது செப்டம்பரில் வரும். மெர்வ் அடுப்படியில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தபோது அவள், "அப்பா, கார் வயர்ல நாலு மில்லிமீட்டர், நாலு மில்னு சொல்றாங்கள்ல, அது..." என்று ஆரம்பித்தாள். அவன் இடுக்கியைத் தூக்கிக் காட்டினான். "இங்க யாரு ஸ்பார்க்கி?" கெரின் சிரித்துவிட்டு வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள். நானும் சிரித்தேன்.

சரி, மடுவுக்கு வருவோம். அக்டோபரில், வெயில் ஏறும் மாதத்தில், அங்கே போனதே முட்டாள்தனம். பத்து மணிக்கே காக்கடூ கிளிகள்கூடக் கத்துவதை நிறுத்திவிடும். மெர்வுக்கு யெல்லோபெல்லி மீன் பைத்தியம். காலையிலும் சாயங்காலமும் என்ஜினைப் போட்டுவிடுவான், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறேன் என்று. நான் ஊசி எடுப்பது அந்த இரண்டு வேளைதான். பகலில் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது அவன் சட்டம். மூடியைத் தூக்கினால் குளிர் ஓடிப்போய்விடுமாம். நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் சட்டத்தை மீறினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எத்தனை தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. புதருக்குப் பின்னால் போய்ப் போய்க் கால் ஓய்ந்துவிட்டது. ஒரு ஐஸ்கட்டி கிடைத்தால் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று பின்பெட்டிக்குப் போய், வெயில் படாமல் போர்த்தியிருந்த கம்பளியை விலக்கி மூடியைத் தூக்கினேன்.

ஆவி முகத்தில் அடித்தது. குளிர் ஆவி இல்லை. வெண்ணெய் முழுக்க எண்ணெயாக உருகிக் கிடந்தது. முந்தின நாள் மீன் நாறியது. ஐஸ் இருந்த இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். அந்தத் தண்ணீரில் என் இன்சுலின் ஊசிப் பேனாக்கள் மிதந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். குளிக்கிற தண்ணீரின் சூடு. பெட்டியின் திரை இருண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. இது இன்றைக்கு மட்டும் நடந்ததில்லை. ஒவ்வொரு பகலும் வெந்து, ஒவ்வொரு சாயங்காலமும் என்ஜின் போட்டதும் திரும்பக் குளிர்ந்திருக்கிறது. சூட்டில் செத்த மருந்தைத்தான் நான் நாள் தவறாமல் வயிற்றில் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மெர்வ்!"

நான் கத்திய கத்தலில் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பாம்பு என்று நினைத்துக் கையில் மண்வெட்டி வேறு. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மண்வெட்டி கீழே விழுந்தது.

"யாரு பிளக்கைப் பிடுங்கினது?"

"யாரு பிடுங்குவா? ஈயா?"

"மூடியை எத்தனை தடவை திறந்தே?"

"மெர்வ், இன்னொரு வார்த்தை என்னைக் குத்தம் சொன்னே, இந்த மீனை உன் தலையில கொட்டிடுவேன். என் மருந்து வெந்து கிடக்கு. முதல்ல அதைப் பாரு."

மீட்டரை எடுத்து வந்தான். முன்பக்கம் போய்ப் பேட்டரியில் வைத்து வோல்ட் பார்த்தான். பன்னிரண்டரை. "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு," என்றான். என்ஜினைப் போட்டான். பெட்டி உடனே உறுமிக்கொண்டு ஓடியது. நிறுத்தினான். கொஞ்ச நேரம் ஓடியது, இருமியது, சிவப்புப் பொட்டு, முடிந்தது. பின்பக்கம் வந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அந்தத் துளையில் மீட்டரை வைத்தான். அங்கேயும் பன்னிரண்டரை.

"பாத்தியா? அங்கே என்ன இருக்கோ அது இங்கேயும் வந்திருக்கு. என் வயர் மேல தப்பில்ல. இந்தப் பெட்டிதான் மண்டையப் போட்டிருச்சு."

"மண்டையப் போட்டது என்ஜினைப் போட்டா மட்டும் எப்படி எழுந்து ஓடுது?"

அவனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். அப்படியானால் பிளக் மாட்டும் துளைதான் ஆடுகிறது, அதை வெட்டிவிட்டு வேறு வைக்கிறேன் என்று கத்தரியைக் கொண்டு வந்தான். அந்த வயரின் இரண்டு முனைகளிலும் இணைப்புகளை அப்போதே கடைக்காரனே அடித்துக் கொடுத்திருந்தான். நீளம் சொன்னால் போதும், அவர்களே எல்லாம் செய்து தருவார்கள். அதனால் மெர்வ் இதுவரை அந்த வயரை உரித்துப் பார்த்ததில்லை.

வெட்டினான். பிளாஸ்டிக்கை உரித்தான். உரித்ததைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் உரித்தான். தள்ளிப் போய் நடுவில் ஓரிடத்தில் வெட்டி அங்கேயும் உரித்தான்.

மெர்வின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. கூரையிலிருந்து விழுந்து கால் முறிந்தபோதுகூடக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டுதான் இருந்தான். இப்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக அந்தச் செம்பை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"என்ன மெர்வ்?"

"இது நாலு இல்ல."

"கடையில நாலுன்னுதானே கேட்டு வாங்கினே?"

"நாலுதான் கேட்டேன். நாலுன்னுதான் கொடுத்தான்." அளவெடுக்கும் இடுக்கியை எடுத்து வயரை அதன் வாயில் கவ்வ வைத்தான். பிளாஸ்டிக்கோடு சேர்த்து. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். சரியாக நாலு. "தோலோட சேர்த்து நாலு, க்ளென். வீட்டு வயர்ல நாலுன்னா உள்ளே இருக்கற செம்போட கணக்கு. இவனுங்க கார் வயரை மேல் தோலைப் போட்டு அளந்து நாலுன்னு விக்கறானுங்க. உள்ளே செம்பு பாதிகூட இல்ல."

"அப்ப மீட்டர் ஏன் சரியா காட்டிச்சு?"

"பிளக்கைப் பிடுங்கிட்டு அளந்தா காட்டத்தான் செய்யும். தோட்டத்து ஓஸ் முனையை விரலால அடைச்சுப் பிடி, எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் விரலைத் தள்ளும். விரலை எடுத்தாத்தான் தண்ணி சொட்டு சொட்டா வர்றது தெரியும். பெட்டி இழுக்கும்போது கரண்டு இதுல போய்ச் சேரல. அது பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு நினைச்சுத் தானே அணைஞ்சிருக்கு. என்ஜின் ஓடறப்ப வோல்ட் ஏறும், அதான் அப்ப மட்டும் எழுந்து ஓடுது." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வேலை கத்துக்க வர்ற பையன் பரீட்சையில கேக்கற கேள்வி இது."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. சிரப் டப்பாவில் போட்ட பென்சில் கோடு கண் முன்னால் வந்து நின்றது. ஏதாவது சுடச்சுடச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"கெரின்," என்றான்.

"கெரினுக்கு என்ன?"

"அவ வேன்ல இதே வயர். பெட்டிக்கு மட்டும் இல்ல. டோஸ்டர் ஓடணும்னு கேட்டாளே, அதுக்கும் இதுலயே இழுத்தேன். நாலுதானேன்னு அதுக்குத் தக்க பெரிய ப்யூஸா போட்டேன். இந்தச் செம்பு அதைத் தாங்காது. ப்யூஸ் போறதுக்கு முன்னாடி வயர் பத்திக்கும்."

"வயர் எங்க போகுது?"

"மெத்தைக்கு அடியில."

கூடாரத்தைச் சுருட்டினோமா அள்ளினோமா என்று தெரியவில்லை. நாற்காலிகளை அங்கேயே விட்டுவிட்டோம். பக்கத்து ஊரான விண்டோராவுக்கு மூன்று மணி நேரம் மண் பாதை. அங்கேதான் மருத்துவ நிலையம், அங்கே போனால்தான் எனக்கு நல்ல இன்சுலின். போகிற வழியில் எங்காவது போனுக்குச் சிக்னல் கிடைத்தால் கெரினைப் பிடித்துவிடலாம். என்ஜின் ஓடியதால் பின்னால் குளிர்பெட்டி சந்தோஷமாக உறுமிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அதை வெளியே தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

பண்ணை வேலிக் கதவு வந்தால் மெர்வ் இறங்கித் திறப்பான், ஓட்டுவான், இறங்கி மூடுவான். நான் மடியில் போனை வைத்துக்கொண்டு சிக்னல் கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அவன் பின்னால் வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றான்.

"ஓட்டு மெர்வ். பேசாம ஓட்டு."

சிவப்பு மணல்மேடு ஒன்றின் உச்சியில் ஏறியபோது போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டது. வண்டி நின்றது. அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். மெர்வுக்கு வருஷக்கணக்காகத் துளைபோடும் இயந்திரத்தோடு வாழ்ந்து காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"அம்மா? என்ன, மீன் மாட்டிச்சா?"

உயிரோடு இருக்கிறாள். வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுகிறாள்.

"கெரின், வேன்ல அப்பா போட்ட வயர் இருக்குல்ல, அதுல எதையும் போடாதே. டோஸ்டர், எதுவும். இப்பவே ப்யூஸைப் பிடுங்கு."

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?"

மெர்வைப் பார்த்தேன். இல்லை என்று சொல் என்று தலையை ஆட்டினான்.

"இல்ல. வேலிக் கதவைத் திறக்கப் போயிருக்காரு."

"அப்ப சொல்றேன். அவர்கிட்ட சொல்லிடாதே, சத்தியம் பண்ணு. அந்த வயர் இப்ப வேன்ல இல்ல. ஜூன் மாசமே கழட்டியாச்சு. ஒரு நாள் காலையில ரொட்டி வாட்டிட்டு இருந்தேன், கட்டில்லேருந்து பிளாஸ்டிக் உருகற நாத்தம். மெத்தையைத் தூக்கினா அடியில கருப்பா ஒரு கோடு, ஒரு கை நீளத்துக்குத் தீஞ்சு போயிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் இல்ல."

ஸ்டியரிங்கின் தோல் உறை கிறீச்சிட்டது. மெர்வின் விரல்கள்.

"ரோமா ஊர்ல கார் வயர் வேலை பாக்கற ஒரு பொண்ணு எல்லாத்தையும் மாத்திக் கொடுத்தா. வெட்டிப் பாத்ததுமே, ‘வீட்டு ஸ்பார்க்கி போட்டதா?’ன்னு கேட்டா. அவங்கதான் எப்பவும் இந்தத் தப்பைப் பண்ணுவாங்களாம். அப்பா பாத்தா மனசு உடைஞ்சிடுவாருன்னு புது வயர் மேல அவரு போட்ட பழைய பிளாஸ்டிக் உறைக்குழாயையே மாட்டச் சொல்லிட்டேன். அவரு கையால எழுதி ஒட்டினதைக்கூட எடுத்துத் திரும்ப ஒட்டினேன்மா."

"எங்க வண்டியிலயும் அதே வயர்தானேடி. உனக்குத் தெரியும்ல?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"தெரியும். தந்தையர் தினத்தன்னிக்குச் சொல்லத்தானே ஆரம்பிச்சேன். இடுக்கியைத் தூக்கிக்கிட்டு யாரு ஸ்பார்க்கின்னு கேட்டாரு. அதுக்கு மேல யாரால பேச முடியும்? உங்க வண்டியில டோஸ்டர் இல்ல, பெட்டி மட்டும்தானே, தீ பிடிக்காது. மிஞ்சிப் போனா பீர் சூடாகும், ஆகட்டும்னு விட்டுட்டேன்."

"கெரின், அதுலதான் என் இன்சுலின் இருந்துச்சு."

"என்னம்மா சொல்றே? நீ அதை ஐஸ் பையில போட்டுக் கழுத்துல மாட்டிக்கிட்டுல்ல திரிவே?"

"அது முன்னாடி, கடைக்குப் போய் வர்றதுக்கு. இந்தப் பெட்டியை எனக்காகத்தானேடி அப்பா செஞ்சாரு."

"ஐயோ" என்றாள். சின்ன வயசில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நிற்கும்போது சொல்வாளே, அதே ஐயோ. "ஐயோ அம்மா. ஐயோ, நான் சொல்லியிருக்கணும். இப்ப எப்படி இருக்கே? அம்மா, பேசு."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மெத்தை கருகிய பிறகும் அப்பாவின் மனசு நோகக் கூடாது என்று பழைய குழாயைத் தேடி மாட்டியவளைத் திட்டுவதா? இத்தனை வருஷமாக எங்கள் எல்லோர் வாயையும் ஒரே கேள்வியில் அடைத்து வைத்தவனையா? அவன் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்த என்னையுமா?

மெர்வ் போனை நோக்கிக் குனிந்தான்.

"கெரின்."

"அப்பா?" அவள் குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "அம்மா, நீ இல்லைன்னு..."

"நான்தான் சொல்லச் சொன்னேன்." போனைக் கையில் எடுத்தான். "அந்தப் பொண்ணு எத்தனை மில் போட்டா?"

"எட்டு. கார் கணக்குல எட்டு."

"எட்டு." தலையை ஆட்டிக்கொண்டான். "நல்லா போட்டிருக்கா."

போனை என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். மணல்மேட்டிலிருந்து இறங்கியதும் போனும் அறுந்துவிட்டது.

விண்டோரா மருத்துவ நிலையத்தில் ஒரு நர்ஸ்தான் இருந்தாள். என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். படுக்க வைத்து, டிரிப்ஸ் ஏற்றி, தன் அலமாரியிலிருந்து புது இன்சுலினை எடுத்துப் போட்டாள். இன்னும் ஒரு நாள் மடுவிலேயே கிடந்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானத்தில்தான் தூக்கிப் போயிருக்க வேண்டும் என்றாள். அப்புறம் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "மறைக்காம சொல்லுங்க. இனிப்பு ஏதாவது சாப்பிட்டீங்களா? ரொட்டியில சிரப், அந்த மாதிரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலின் கால்மாட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மெர்வ் பதில் சொன்னான்.

"அவ ஒரு சொட்டுகூடத் தொடல. மருந்தை வேக வச்சது நான்."

நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

மெர்வ் கையிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "மீன் பிடிக்கறேன்," என்றான்.